நவநீதம் பிள்ளை

நவநீதம் பிள்ளை (பிறப்பு: 23 செப்டம்பர் 1941) தென்னாப்பிரிக்கத் தமிழ் வழக்கறிஞர், பன்னாட்டு நீதிபதி. உலக அரங்கில் நவி பிள்ளை என்று அறியப்படுபவர். ருவாண்டாவுக்கான பன்னாட்டுக் குற்றவியல் தீர்ப்பாயத்தின் தலைவராகவும், பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்ற நீதிபதியாகவும், 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையராகவும் பணியாற்றினார். பாதிக்கப்பட்டவர் கூண்டில் ஏறிச் சொல்வதற்கு நீதிமன்றம் காது கொடுத்தாக வேண்டும் என்பதே அவரது சட்டப் பணி முழுவதிலும் ஓடும் இழை.

பின்புலம்

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பரில் டர்பன் துறைமுகம் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். அதிகம் பேர் போன மாவட்டங்களில் வட ஆர்க்காடும் ஒன்று. இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஆரணி, போளூர், வந்தவாசி எல்லாம் அப்போது அதில்தான் இருந்தன. இப்படிக் கடல் கடந்தவர்களின் வழிவந்தவர்தான் நவநீதம் பிள்ளை. டர்பன் நகரின் கிளேர்வுட் பகுதியில் பிறந்தார். தந்தை பேருந்து ஓட்டுநர்.

ஆறு வயதில் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல நீதிமன்றம் போனார். தந்தையின் சம்பளப் பணம் 5 பவுண்டு சிறுமியின் கையிலிருந்து திருட்டுப் போயிருந்தது. திருடியவனுக்குத் தண்டனை கிடைத்தது, பணம் வீடு திரும்பவில்லை. குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பினால் மட்டும் பறிகொடுத்தவருக்கு நீதி கிடைத்துவிடுமா என்ற கேள்வி அங்கேயே எழுந்தது.

அக்கம்பக்கத்து இந்தியக் குடும்பங்கள் சிறுகச் சிறுகத் திரட்டித் தந்த பணத்தில் நேட்டால் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1963இல் இளங்கலை, 1965இல் சட்டப் பட்டம்.

நிறவெறி ஆட்சியில் வழக்கறிஞர்

வெள்ளை ஊழியர்கள் கறுப்பர் ஒருவரின் சொல் கேட்டு வேலை செய்ய மாட்டார்கள் என்று சொல்லி எந்தச் சட்ட நிறுவனமும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1967இல் சொந்தமாகவே அலுவலகம் திறந்தார். நேட்டால் மாகாணத்தில் வெள்ளையரல்லாத பெண் ஒருவர் தனியாக வழக்கறிஞர் அலுவலகம் தொடங்கியது அதுவே முதல் முறை. 28 ஆண்டுகள் தொழில் செய்தார். நிறவெறி ஆட்சி நீடித்தவரை நீதிபதியின் அறைக்குள் காலெடுத்து வைக்கவும் அவருக்கு அனுமதி கிடையாது.

1971இல் அவருடைய கணவரும் வழக்கறிஞருமான கேபி பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சட்டத்துக்குப் புறம்பான முறைகளில் அவரை விசாரிக்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் தடை வாங்கினார் மனைவி. 1973இல், நெல்சன் மண்டேலா உள்ளிட்ட ராபன் தீவு அரசியல் கைதிகள் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையைப் பெற்றுத் தந்தார். பின்னர் ஹார்வர்ட் சென்று 1982இல் சட்ட முதுகலையும் 1988இல் முனைவர் பட்டமும் பெற்றார். அங்கே சட்டத்தில் முனைவரான முதல் தென்னாப்பிரிக்கர் அவர்தான். பெண்களின் உரிமைக்காகச் செயல்படும் ‘ஈக்வாலிட்டி நவ்’ அமைப்பை 1992இல் தொடங்கியவர்களில் ஒருவர். 1995இல் மண்டேலா அரசு அவரைத் தென்னாப்பிரிக்க உயர் நீதிமன்றத்தில் தற்காலிக நீதிபதியாக அமர்த்தியது.

ருவாண்டா தீர்ப்பாயம்

அதே ஆண்டு ஐ.நா. பொதுச்சபை அவரை, ருவாண்டாவில் டுட்சி இன மக்கள் மீது நடந்த இனப்படுகொலையை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்குத் தேர்ந்தெடுத்தது. தான்சானியாவின் அருஷா நகரில் இயங்கிய அந்தத் தீர்ப்பாயத்தில் முதல் நான்கு ஆண்டுகள் அவர் ஒருவரே பெண் நீதிபதி.

அவரது பெயர் நிலைத்தது டாபா ஊரின் மேயராக இருந்த ழான்-போல் அகயேசு மீதான வழக்கால். முதலில் தாக்கலான குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரிகூட இல்லை. 1997 ஜனவரியில் ஒரு தாய் கூண்டில் நின்று, தன் ஆறு வயது மகளை மூவர் சீரழித்ததைச் சொன்னார். அரசுத் தரப்பு இதைப் பற்றி அவரிடம் கேட்டிருக்கவில்லை, தானாகவே சொன்னார். ஆயத்தில் இருந்த நீதிபதிகள் அதை அப்படியே விட்டுவிடாமல் மேலும் கேட்டார்கள். அடைக்கலம் தேடி ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடிவந்த பெண்கள் அந்த வளாகத்திலேயே சிதைக்கப்பட்டதை அடுத்து வந்த சாட்சிகள் விவரித்தனர். அந்த ஜூன் மாதத்திலேயே குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது.

1998 செப்டம்பர் 2ஆம் தேதி தீர்ப்பு வந்தது. செனகலின் லைட்டி காமா, ஸ்வீடனின் லென்னார்ட் ஆஸ்பெக்ரன் ஆகியோருடன் நவநீதம் பிள்ளை அமர்ந்த ஆயம் அது. ஒரு பன்னாட்டு நீதிமன்றம் இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஒருவரைத் தண்டித்தது அதுவே முதல் முறை. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் வல்லுறவும் இனப்படுகொலையே என்று தீர்ப்பு சொன்னது. அதுவரை போரில் இது நடப்பதுதான் என்று உலகம் கடந்து போய்க்கொண்டிருந்தது. பெண் நீதிபதி ஒருவர் இருந்ததால் மட்டுமே இது நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் இல்லாத ஓர் ஆயம் அந்தத் தாயின் சொல்லை இவ்வளவு தூரம் பின்தொடர்ந்திருக்குமா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

1999 முதல் 2003 வரை தீர்ப்பாயத்தின் தலைவராக இருந்தார். 2003 டிசம்பரில் அவர் தலைமையிலான ஆயம் ‘ஊடக வழக்கில்’ தீர்ப்பளித்தது. டுட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று இழித்து, கொல்லத் தூண்டிய ஆர்.டி.எல்.எம். வானொலியின் பொறுப்பாளர்கள் இருவரும் ‘காங்குரா’ இதழின் ஆசிரியரும் குற்றவாளிகள் என்றது. 2007இல் மேல்முறையீட்டு அவை சில குற்றச்சாட்டுகளை நீக்கித் தண்டனைகளைக் குறைத்தது. ஆனாலும் எழுத்தும் ஒலிபரப்பும் கொலைக்கருவி ஆகலாம் என்பதை நூரெம்பர்க் விசாரணைக்குப் பிறகு சட்டத்தில் மீண்டும் நிறுத்தியது இந்த வழக்கே.

ஐ.நா. பொறுப்பும் இலங்கையும்

2003இல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் 18 நீதிபதிகளில் ஒருவரானார். மேல்முறையீட்டுப் பிரிவில் இருந்த அவர், மனித உரிமை உயர் ஆணையராக 2008 செப்டம்பரில் பொறுப்பேற்றார். அவரது பதவிக்காலம் 2012இல் மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது.

தமிழர்கள் அவரை அதிகம் அறிந்தது இந்தக் காலத்தில்தான். இலங்கையின் வன்னியில் அரசுப் படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் உச்சத்தில் இருந்த 2009 மார்ச்சிலேயே, இரு தரப்பின் செயல்களும் போர்க்குற்றங்கள் ஆகலாம் என்று எச்சரித்தார். 2013 ஆகஸ்டில் ஒரு வாரம் இலங்கையில் தங்கி யாழ்ப்பாணம், முல்லைத்தீவு உள்ளிட்ட இடங்களுக்குச் சென்றார். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களைச் சந்தித்தார். தம்மிடம் பேசியவர்களைப் பாதுகாப்புப் படையினர் தேடிப்போய் மிரட்டியதைக் கொழும்புச் செய்தியாளர் சந்திப்பில் வெளிப்படையாகக் கண்டித்தார். நாடு எதேச்சாதிகாரத்தை நோக்கிப் போகும் அறிகுறிகள் தெரிகின்றன என்றார். தமிழர் என்பதாலேயே அவரைப் புலிகளின் ஆள் என்று ஆளும் தரப்பினர் சிலர் வசைபாடினார்கள். அதே சந்திப்பில் விடுதலைப் புலிகளைக் கொலைகார அமைப்பு என்று சொல்லவும் அவர் தயங்கவில்லை. அவர் கணக்கில் கொன்றவர் எந்தப் பக்கம் என்பதற்கு முன்னால் செத்தவர் யார் என்ற கேள்வி வந்தது. இரு பக்கத்திலும் பலருக்கு அது பிடிக்கவில்லை. 2014 மார்ச்சில் மனித உரிமைப் பேரவை அவரது அலுவலகத்திடமே இலங்கை பற்றிய விசாரணையை ஒப்படைத்தது.

பிற்காலம்

பதவி முடிந்தபின் மரண தண்டனைக்கு எதிரான பன்னாட்டு ஆணையத்தின் தலைவரானார். ரோஹிங்யா மக்கள் குறித்து மியான்மர் மீது காம்பியா தொடுத்த வழக்கில், காம்பியாவின் நியமனத்தால் பன்னாட்டு நீதிமன்றத்தில் தற்காலிக நீதிபதியாக அமர்ந்தார். 2020 ஜனவரி 23 அன்று, அந்த மக்களைக் காக்கும்படி மியான்மருக்கு ஒருமனதாக உத்தரவிட்ட நீதிபதிகளில் அவரும் ஒருவர்.

2021இல் பாலஸ்தீன ஆக்கிரமிப்புப் பகுதிகளும் இஸ்ரேலும் பற்றிய ஐ.நா. விசாரணை ஆணையத்துக்குத் தலைவரானார். காசாவில் இஸ்ரேல் இனப்படுகொலை செய்துள்ளது என்று அந்த ஆணையம் 2025 செப்டம்பரில் அறிவித்தது. இஸ்ரேல் அரசு அறிக்கையை முற்றாக நிராகரித்தது. வயதையும் உடல்நிலையையும் காரணமாகச் சொல்லி அவர் ஏற்கெனவே பதவி விலகல் கடிதம் கொடுத்திருந்தார். அந்த ஆண்டின் சிட்னி அமைதிப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.