சொறிசிரங்கும் நாம் செய்த பிழையும்

ஆண்கள் பட்டு அணிவது விலக்கப்பட்டது என்பதை மதரஸா மாணவர்கள் தொடக்க வகுப்புகளிலேயே கற்கின்றனர். அப்பாடத்தில் ஒரு விதிவிலக்கும் வருகிறது. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி), ஸுபைர் பின் அவ்வாம் (ரலி) ஆகிய இருவருக்கும் உடலில் அரிப்பு ஏற்பட்டபோது, பட்டுச் சட்டை அணிந்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நாம் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் நான்கைந்து மாணவர்கள் விரலிடுக்குகளைச் சொறிந்துகொண்டிருந்தனர். அரிப்பைப் பற்றிப் பேசிய நாம் அரிப்பைக் கவனிக்கவில்லை.

சில நாட்களில் விடுதியே இரவெல்லாம் உறங்காமல் சொறிந்தது. உடற்சூடு என்றார் சமையற்காரர். இரத்தம் கெட்டுவிட்டது என்றார் ஒரு பெரியவர். கத்தரிக்காயும் கருவாடும் நிறுத்தப்பட்டன. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசப்பட்டன. பிறகு மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கினோம். இரண்டு நாட்கள் சிவப்புத் தணிந்தது. அதன்பின் முன்னிலும் அதிகமாகப் பரவியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைப் பின்னரே அறிந்தோம். ஸ்டீராய்டு அரிப்பை அடக்கி நோயின் தோற்றத்தையும் மாற்றிவிடும். நோயோ உள்ளே பெருகிக்கொண்டிருக்கும். இதற்கிடையில், முதலில் சொறியத் தொடங்கிய மாணவனைச் சுத்தமில்லாதவன் என்று முடிவுகட்டி ஊருக்கு அனுப்பிவிட்டோம்.

இறுதியில் தோல் மருத்துவரிடம் சென்றோம். அவர் இரண்டே கேள்விகள் கேட்டார்: இரவில் அரிப்பு அதிகமாகிறதா? கூடப் படுப்பவர்களுக்கும் இருக்கிறதா? பின்னர் ஒரு மாணவனின் விரலிடுக்கில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து எம்மைப் பார்க்கச் சொன்னார். சில மில்லிமீட்டர் நீளத்தில், வளைந்து செல்லும் சாம்பல் நிறக் கோடு ஒன்று தெரிந்தது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பெண் உண்ணி ஒன்று தோலுக்குள் தோண்டிய சுரங்கம் அது. அதற்குள் நாள்தோறும் இரண்டு மூன்று முட்டைகளை இட்டபடி அது முன்னேறுகிறது.

இக்கோட்டைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகுக்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. கிரேக்க மருத்துவர் காலென் காலந்தொட்டு, உடலின் நீர்மங்கள் கெடுவதால் சிரங்கு தோன்றுகிறது என்றே நம்பினர். அரபு மருத்துவம் ‘ஜரப்’ என்று அழைத்த இந்நோய்க்கு இப்னு ஸீனா கூறிய விளக்கமும் அவ்வழிப்பட்டதே. எனினும் 10ஆம் நூற்றாண்டில் அபுல் ஹஸன் அத்தபரீ இச்சிற்றுயிரைப் பற்றி எழுதினார். 12ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினின் செவில் நகரத்து இப்னு ஸுஹ்ர் தமது ‘அத்தைஸீர்’ நூலில், தோலுக்கடியில் ஊர்ந்து, தோல் உரியும்போது வெளிப்படும், கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் உயிரை விவரித்தார். சிரங்கின் காரணத்தைக் கண்டுபிடித்தவர் இவரே என்று பெருமையுடன் வலம்வரும் செய்தியை நாமும் பலருக்கு அனுப்பியிருக்கிறோம். அவர் அவ்வுயிரைக் கண்டார் என்பது உறுதி. சிரங்குக்கு அதுவே காரணம் என்று தீர்மானித்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. எப்படியாயினும், அவருக்குப் பின் வந்தோர் நீர்மக் கோட்பாட்டையே பற்றிக்கொண்டனர்.

அடுத்த பெரிய திருப்பம் 1687இல், இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் நிகழ்ந்தது. மருத்துவர் பொனோமோவும் மருந்தாளுநர் செஸ்தோனியும் நுண்ணோக்கியின் கீழ் இவ்வுண்ணியைக் கண்டு வரைந்தனர். அதன் முட்டையையும் கண்டனர். அவர்களை அத்தேடலுக்கு இட்டுச் சென்றது எது? ஏழைத் தாய்மார் தம் குழந்தைகளின் தோலிலிருந்து ஊசிமுனையால் எதையோ எடுத்து நகத்தில் வைத்து நசுக்குவதையும், துறைமுகச் சிறைக்கூடத்து அடிமைகள் ஒருவருக்கொருவர் அவ்வாறே செய்வதையும் கவனித்ததாகப் பொனோமோ எழுதுகிறார். அச்சிறைக்கூடத்தில் அடைபட்டிருந்தோரில் பெரும்பாலோர், வடஆப்பிரிக்காவிலிருந்தும் உஸ்மானிய நாடுகளிலிருந்தும் கடலில் சிறைபிடிக்கப்பட்ட முஸ்லிம்கள். அவர்களில் ஒருவரின் பெயரும் மருத்துவ நூல்களில் இல்லை.

அக்கால அறிஞர்கள் இதையும் ஏற்கவில்லை. 1812இல் பாரிஸில் காலே என்ற மாணவர் உண்ணியைக் கண்டதாக அறிவித்தார். அவர் வரைந்து காட்டியது பாலாடைக்கட்டியில் வாழும் உண்ணி என்று பின்னர் தெரியவந்தது. ஏனையோர் நீர்க்கொப்புளங்களில் தேடித் தேடி ஏமாந்தனர். 1834இல் கோர்சிகாத் தீவைச் சேர்ந்த மாணவர் ரெனூச்சி, பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் அனைவர் முன்னிலையிலும் ஊசியால் அதை எடுத்துக் காட்டினார். கொப்புளத்தில் அல்ல, சுரங்கத்தின் முனையில் தேட வேண்டும் என்பதை அவர் தம் ஊர்ப் பெண்களிடம் கற்றிருந்தார்.

இதில் ஒரு விந்தை உண்டு. காரணம் அறியாத காலத்திலேயே கந்தகம் பூசிக் குணமானோர் பலர். கைக்குழந்தைகளுக்கு இன்றும் கந்தகக் களிம்பை மருத்துவர்கள் எழுதித் தருகின்றனர்.

எங்கள் விடுதிக்குப் பெர்மெத்ரின் களிம்பு தரப்பட்டது. அரிப்பு இல்லாதவர்கள், ஆசிரியர்கள், சமையற்காரர் உட்பட அனைவரும் ஒரே இரவில், கழுத்திலிருந்து பாதம்வரை பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை. இஷாவுக்குப் பின் பூசினோம். தஹஜ்ஜுதுக்கு உளூச் செய்தவர்கள் கைகளில் மறுபடியும் பூசிக்கொண்டனர். கைலிகளும் போர்வைகளும் வெந்நீரில் துவைக்கப்பட்டன. அதன்பின்னும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு நீடிக்கலாம், அஞ்ச வேண்டாம் என்றும் மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

ஊருக்கு அனுப்பிய மாணவனைப் பற்றியும் அவரிடம் கூறினோம். முதன்முறை தொற்றுபவருக்கு அரிப்பு தோன்ற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முன்பே ஒருமுறை வந்தவருக்குச் சில நாட்களே போதும் என்றார் அவர். எனவே முதலில் சொறிபவன்தான் நோயைக் கொண்டுவந்தான் என்று கூற இயலாது. தினமும் குளித்தாலும் இது தொற்றும். நீண்ட நேரம் தோலோடு தோல் ஒட்டியிருப்பதே வழி. முஸாஃபஹா செய்யும் கணநேரத்தில் பொதுவாகப் பரவுவதில்லை. ஒரே அறையில் நெருக்கமாகப் பாய்களை விரித்துப் படுக்க வைத்தவர்கள் நாம்.

அன்றே அவனுடைய தந்தையை அழைத்தோம். வீட்டில் இரு தங்கையருக்கும் அரிப்பு தொடங்கியிருந்தது. குடும்பத்தார் அனைவருக்குமான மருந்தை நாமே கொண்டுசென்று கொடுத்து, அவனிடமும் அவன் பெற்றோரிடமும் மன்னிப்புக் கோரினோம். இரண்டு வாரத்தில் அவன் திரும்பி வந்தான். முதல் சில இரவுகள் தன் பாயை மற்றவர்களிடமிருந்து விலக்கிச் சுவரோரமாக விரித்துக்கொண்டான். அவ்வாறு செய்யும்படி யாரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை.