பால்மரமும் இலாப ஈவும்



இலாப ஈவு என்னும் சொல் செய்தித்தாளின் வாணிபப் பக்கத்துக்குரியது என்றும், தோட்டத்து மக்களாகிய நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்குப் பால்மரத்தின் வயது. நம் பாட்டன்மார் வெட்டிய பாலிலிருந்துதான் அது பிறந்தது. கத்தியைக் கீழே வைத்த பிறகு மாதம் தவறாமல் கைக்கு நாலு காசு வர என்ன வழி என்ற கேள்வி இன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை தேட இந்தப் பழைய வரலாறு நமக்கு உதவும்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். ஒரு கம்பெனியின் பங்கை வாங்கினால் அதன் உடைமையில் நமக்கும் ஒரு சிறு பாகம் உண்டு. இலாபம் வந்தால் அதிலிருந்து பிரித்துக் கொடுப்பதுதான் இலாப ஈவு. இலாபம் இல்லையென்றால் ஈவும் இல்லை. யார்மீதும் வழக்குப் போட முடியாது. அரசாங்கத்துக்கோ வங்கிக்கோ கம்பெனிக்கோ பணத்தைக் கடனாகக் கொடுத்தால், முன்பே பேசிய வட்டி வரும். தவணை முடிந்ததும் முதலும் திரும்பி வரவேண்டும். கடன் பத்திரம், வங்கியின் நிரந்தர வைப்பு எல்லாம் இந்த வகை. தோட்டத்துக் கணக்கில் சொன்னால், வட்டி நாட்சம்பளம் போன்றது. இலாப ஈவு பால் நிறுவைக்கும் சந்தை விலைக்கும் ஏற்பக் கிடைக்கும் காசு போன்றது. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் நிறுவைக் காசும் இல்லை என்பது நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1910ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லண்டன் சந்தையில் ஓர் இராத்தல் இரப்பரின் விலை 12 ஷில்லிங் 9 பென்ஸ் வரை ஏறியது. நெகிரி செம்பிலானில் லிங்கி பிளாண்டேஷன்ஸ் போன்ற கம்பெனிகளின் தோட்டங்கள் இருந்தன. அவற்றின் பங்குதாரர்களில் பெரும்பாலோர் இந்த மண்ணை ஒருநாளும் மிதித்ததில்லை. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்து 1891ல் திறக்கப்பட்ட இரயில் பாதை இந்தப் பக்கத்து விளைச்சலைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோயிற்று. இலாபம் கப்பலேறிப் போயிற்று. அந்த ஆண்டு சிறந்த தோட்டக் கம்பெனிகள் சில 300 விழுக்காட்டுக்கும் மேல் ஈவு கொடுத்தன. அதாவது நூறு பவுன் போட்டவருக்கு ஒரே ஆண்டில் முந்நூறு பவுனுக்கு மேல் கிடைத்தது. அந்தப் பாலை வெட்டியவருடைய நாட்சம்பளம் அரை வெள்ளியைக்கூட எட்டவில்லை.

இதைக் கேட்கும்போது நமக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் கதையின் மறுபாதியையும் பார்க்கவேண்டும். 1910ல் அந்த ஈவைக் கண்டு மயங்கி, ஏறின விலையில் பங்கு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். 12 ஷில்லிங் 9 பென்ஸ் என்றால் 153 பென்ஸ். அதே இரப்பர் 1932ல் இராத்தல் 2 பென்ஸுக்கும் கீழே இறங்கியது. ஈவு கொடுக்கக் கம்பெனிகளிடம் ஒன்றுமில்லை. கடன் பத்திரம் வைத்திருந்தவருக்கு மட்டும் சட்டப்படி முதல் உரிமை இருந்தது. பங்குதாரர் வரிசையில் கடைசியில் நின்றார். அந்த வரிசையிலேகூட இடமில்லாதவர் தொழிலாளி. 1930ல் ஆணுக்கு 50 காசாக இருந்த நாட்சம்பளம் 40 காசாகக் குறைக்கப்பட்டது. ஆயிரமாயிரம் பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

நம் மக்களுக்கு முதுமைக்கென்று சட்டப்படி ஒரு சேமிப்பு வந்தது 1951ல்தான். அவ்வாண்டு அக்டோபரில் ஊழியர் சேமநிதி தொடங்கியது. தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு என்று தொடக்கம். 1952க்கு அது கொடுத்த ஈவு 2.5 விழுக்காடு. இன்று கேட்டால் சிரிப்போம். ஆனால் அந்தப் பணம் பெரும்பகுதி அரசாங்கக் கடன் பத்திரங்களில் போடப்பட்டது. நாடு சாலை போடவும் பள்ளி கட்டவும் வாங்கிய கடனில் தோட்டத் தொழிலாளியின் காசும் இருந்தது. அதற்கு வட்டி வந்தது. பத்திரத்தைக் கண்ணால் காணாமலே நாம் அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்களாகிவிட்டோம். 1983 முதல் 1987 வரை சேமநிதியின் ஈவு 8.5 விழுக்காடாக இருந்தது. 2002ல் 4.25க்கு இறங்கி, 2008ல் 4.5, 2017ல் 6.9, 2020ல் 5.2, 2024ல் 6.3 என்று ஏறி இறங்கி வந்திருக்கிறது. வழக்கமான சேமிப்புக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு கொடுத்தே ஆகவேண்டும் என்பது சட்டம். இன்று அந்த நிதியில் பாதியை ஒட்டிய பகுதி கடன் பத்திரம் போன்றவற்றிலும், பெரியதொரு பகுதி பங்குகளிலும் இருக்கிறது. ஒன்று இளைத்தால் மற்றொன்று தாங்கட்டும் என்ற ஏற்பாடு. நம் ஆட்களின் சேமநிதி சிறுத்திருப்பதற்கு ஈவு குறை அல்ல. வாழ்நாள் முழுவதும் சம்பளம் சிறுத்திருந்ததே காரணம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் பிற்பகுதியில் இன்னொரு இடி விழுந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நாம் இன்றும் சொல்வது அதைத்தான். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆராய்ந்து அறிக்கை எழுதினார். துண்டு போட்ட தோட்டத்தில் வேலை போயிற்று. வேலையோடு லயத்து வீடும், பள்ளிக்கூடமும், கோயிலும் போயின.

அப்போது அமைச்சராகவும் மலேயா இந்தியக் காங்கிரஸின் தலைவராகவும் இருந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தோற்றுவித்தார். மாதம் 10 வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேருங்கள், அந்தப் பணத்தில் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். பத்து வெள்ளி அந்நாளில் பல நாள் உழைப்பு. அதைக் கொடுத்தவர்கள் கணக்குப் படித்தவர்கள் அல்லர், ஆனாலும் கொடுத்தார்கள். 1961ல் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாகப் பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் என்னும் கட்டடமும் எழுந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் லண்டனுக்குக் கப்பலேறிய அந்த இலாப ஈவு, முதன்முறையாகப் பால் வெட்டியவன் பெயருக்கே வந்தது.

இந்தச் சங்கம் ஏன் நிலைத்தது என்பதை நாம் ஆராயவேண்டும். பணம் நிலமாக மாறியது. நிலத்தில் மரம் நின்றது. மரத்திலிருந்து வருமானம் வந்தது. அந்த வருமானத்திலிருந்து ஈவு வந்தது. ஈவுக்கு ஊற்று எது என்பதைப் பங்குதாரர் தம் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. இரப்பர் விலை சரிந்த காலத்தில் செம்பனையும், கட்டடங்களும் துணைக்கு வந்தன. ஒரே பயிரை நம்பியிருந்தால் 1932ல் லண்டன்காரர் பட்ட பாட்டைச் சங்கமும் பட்டிருக்கும்.

அடுத்து வந்தது வேறு வகை அனுபவம். 1982ல் மைக்கா ஹோல்டிங்ஸ் என்னும் கம்பெனி அமைக்கப்பட்டது. இந்தியர்களுக்கும் நாட்டின் பொருளாதாரத்தில் பங்கு வேண்டும் என்பது நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஏறத்தாழ 66,000 பேரிடமிருந்து 10 கோடியே 60 இலட்சம் ரிங்கிட் திரட்டப்பட்டது. நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் பங்கு வாங்கினவர்கள் தோட்டங்களில் உண்டு. எதிர்பார்த்த ஈவு வரவில்லை. கம்பெனி பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவும் இல்லை. ஆகவே வேண்டாம் என்று நினைத்தவர் விற்றுவிட்டு வெளியேறவும் சந்தை இல்லை. கடைசியில் 2010ல், ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 காசு தர ஒரு நிறுவனம் முன்வந்தது. அதே காலத்தில் சேமநிதியில் இருந்த 1,000 ரிங்கிட், ஈவின்மேல் ஈவு சேர்ந்து நான்கு மடங்குக்கும் மேல் ஆகியிருந்தது. இந்த ஒப்பீட்டை நாம் யாரையும் ஏசுவதற்காகச் சொல்லவில்லை. வருமானத்துக்காகப் பணம் போடுகிறவர், தலைவரின் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல், ஆண்டுக் கணக்கையும் கேட்டிருக்கவேண்டும்.

அப்படியானால் வட்டிதான் பத்திரமா? 1986ஐ நினைத்துப் பாருங்கள். பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் அவ்வாண்டு முடக்கப்பட்டன. 5 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பணம் அகப்பட்டுக்கொண்டது. வங்கியைவிடக் கூடுதல் வட்டி என்பதே அங்கே பலரை இழுத்தது. நிலையான வட்டி என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும், எழுதிக் கொடுத்தவர் நிலைத்திருந்தால்தான் வட்டியும் நிலைக்கும். இன்று வங்கி வைப்புக்கு மலேசிய வைப்புத்தொகை காப்புறுதிக் கழகம் உண்டு. அதில் உறுப்பினரான ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை காப்பு இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களில் போடும் பணத்துக்கும் கம்பெனிப் பங்குக்கும் அந்தக் காப்பு இல்லை.

இதற்கிடையே தோட்டங்களே கைமாறின. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலையில், பெர்மோடாலான் நேஷனல் என்னும் நம் நாட்டு முதலீட்டு நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் கத்ரி கம்பெனியின் பங்குகளைச் சில மணி நேரத்தில் வாங்கி, அதைத் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்தது. நெகிரி செம்பிலானில் கத்ரியின் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்குத் துரை மாறினார்; லயம் மாறவில்லை. அதே நிறுவனத்தைச் சேர்ந்த அமானா சஹாம் மலேசியா 2000ஆம் ஆண்டில் எல்லா இனத்தாருக்கும் திறக்கப்பட்டது. ஓர் அலகின் விலை என்றும் ஒரு ரிங்கிட்தான். ஆண்டுக்கு ஒருமுறை ஈவு வரும். அந்த நிறுவனத்தின் முதலீடுகளில் தோட்டக் கம்பெனிகளும் இருக்கின்றன. நம் இனத்தாருக்கு ஒதுக்கிய அலகுகள் தீர்ந்துபோவதுண்டு. ஆகவே கிடைக்கும் நேரம் பார்த்து வாங்கவேண்டும்.

இப்போது ஒரு வீட்டுக் கணக்குப் போடுவோம். ஓய்வு பெற்ற ஒருவரிடம் 60,000 ரிங்கிட் இருக்கிறது என்போம். சேமநிதியிலிருந்து 55 வயதில் எல்லாவற்றையும் எடுத்தே தீரவேண்டும் என்பது தவறான எண்ணம். நூறு வயது வரை அங்கேயே விட்டுவைக்கலாம். வேண்டியதை மட்டும் எடுக்கலாம். 2024ல் கொடுத்த 6.3 விழுக்காட்டுப்படி ஆண்டுக்கு 3,780 ரிங்கிட், மாதத்துக்கு 315 ஆகிறது. 2008ல் கொடுத்த 4.5 விழுக்காடாக இருந்தால் மாதம் 225தான். குடும்பச் செலவை 315க்குத் திட்டமிட்டால் மோசமான ஆண்டில் 90 ரிங்கிட் துண்டு விழும். 225க்குத் திட்டமிட்டால் நல்ல ஆண்டின் மிச்சம் விலைவாசிக்கு ஈடுகொடுக்கும். அரிசி விலை ஏறும்போது நிலையான வட்டி மட்டும் ஏறாமல் நிற்கிறதே, அதுதான் அதன் பலவீனம். ஆகையால் ஓராண்டுச் செலவுக்கு வேண்டியதை வங்கி வைப்பிலும், பெரும்பகுதியைச் சேமநிதியிலோ அமானா சஹாமிலோ வைப்பது தோட்டத்துக் குடும்பத்துக்குப் பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

தனிக் கம்பெனிப் பங்கு வாங்க விரும்பும் பிள்ளைகளுக்கும் ஒரு கணக்கு. 5 ரிங்கிட் பங்கு ஆண்டுக்கு 25 காசு ஈவு கொடுத்தால் 5 விழுக்காடு. கம்பெனி நொடித்துப் பங்கு விலை இரண்டரை ரிங்கிட்டுக்கு விழுந்தால், அதே 25 காசு இப்போது 10 விழுக்காடாகத் தெரியும். ஈவு இரட்டிப்பானது போலத் தோன்றும். உண்மையில் அது காய்ந்த மரத்தின் கடைசிப் பாலாக இருக்கலாம். ஆகவே பத்து ஆண்டு ஈவைப் பாருங்கள். அந்த ஈவு இலாபத்திலிருந்து வந்ததா, கடன் வாங்கிக் கொடுத்ததா என்று பாருங்கள். 1932 போன்ற ஓராண்டில், நமக்கு 2020 போன்ற ஓராண்டில், என்ன கொடுத்தது என்றும் பாருங்கள். வகுப்பில் விழுக்காடு படிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளையே இந்தக் கணக்கைப் போட்டுவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தாத்தா பாட்டியின் தகரப் பெட்டியில் பழைய பங்குப் பத்திரமோ சங்கத்துப் புத்தகமோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். சங்கத்துப் பங்கானால் உறுப்பினர் எண்ணையும், பழைய அடையாளக் கார்டு எண்ணையும், இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு சங்கத்தின் அலுவலகத்தில் விசாரியுங்கள். கம்பெனியிலோ வங்கியிலோ கேட்பாரற்றுக் கிடந்த பணம், 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி கோரப்படாத பணப் பதிவாளரிடம் போய்ச் சேர்ந்திருக்கும்; வாரிசுகள் விண்ணப்பம் செய்து பெறலாம். சேமநிதியில் வாரிசு நியமனம் செய்யாதவர்கள் அடுத்த முறை சிரம்பானுக்குப் போகும்போது அங்குள்ள சேமநிதி அலுவலகத்தில் அடையாளக் கார்டைக் காட்டி அதைச் செய்துவிடலாம்.