உயிர்க்கல்: கண்ணாடித் தொட்டிக்குள் எழுந்த ஒரு சுவரின் வரலாறு

தமிழில் கல்லுக்கு அத்தனை நல்ல பெயர் இல்லை. இரக்கமற்றவனைக் கல்நெஞ்சன் என்கிறோம். திகைத்து நின்றவன் கல்லாய்ச் சமைந்தான் என்கிறோம். நடுகல்லும் வீரனின் உயிர் பிரிந்த பிறகே நடப்படுகிறது. 'கல்லுக்குள் ஈரம்' என்று நாம் வியக்கும்போதுகூட, அங்கே ஈரம் இருக்க வாய்ப்பில்லை என்ற நம்பிக்கையின் மீதுதான் அந்த வியப்பு நிற்கிறது. இந்தப் பின்னணியில் வளர்ந்த நமக்கு, கடல்மீன் வளர்ப்போர் உலகமெங்கும் வழங்கும் 'லைவ் ராக்' என்ற சொல் முதலில் முரண்தொடர்போலத்தான் ஒலிக்கும். உயிர்க்கல் என்று அதைத் தமிழில் சொல்லிக்கொள்வோம்.

உயிர்க்கல் என்பது பவளப் பூச்சிகள் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கூடு. புயலிலோ அலையிலோ பவளத்திட்டிலிருந்து ஒடிந்து, கடலடியில் கிடந்து, பிற உயிர்களுக்கு வீடாகிப்போன துண்டு அது. அதன் மேல் ஊதாநிறச் சுண்ணப்பாசி படர்ந்திருக்கும். பொந்துகளில் கடற்பஞ்சும் புழுக்களும் சிறு நண்டுகளும் குடியிருக்கும். நுண்துளைகள்தோறும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் நிறைந்திருக்கும். இத்தகைய கற்களை அடுக்கிச் சிறிய கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு சுவர் எழுப்பினால், அந்தச் சுவரே நீரைத் தூய்மை செய்யும். இந்த எளிய உண்மையைக் கண்டடைய மனிதருக்கு நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குக் கடல் கொடுத்த விலையும் சிறிதன்று. அந்த இரண்டு கதைகளையும் சேர்த்தே இக்கட்டுரையில் பார்க்க விழைகிறோம்.

உளியும் சுத்தியலும்

1846ஆம் ஆண்டில் ஆனா தைன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, டார்க்கி கடற்கரையிலிருந்து சில கற்பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்தார். அவருடைய கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தைச் சேர்ந்த குருவானவர். கடல் எட்டாத அந்த நகரத்தில் பவளங்களை உயிரோடு வைத்திருக்க அவர் கண்ட வழி, நீரைத் திறந்த சாளரத்தின் முன் ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றிக் காற்றேற்றுவது. நாள்தோறும் அரை மணி நேரத்துக்கும் மேலான இந்த வேலையைச் செய்தவர் அவருடைய வீட்டுப் பணிப்பெண். வரலாறு அந்தப் பெண்ணின் பெயரைக் குறித்துவைக்கவில்லை. மறு ஆண்டில் ஆனா தைன் உயிருள்ள கடற்பாசிகளைத் தருவித்து அந்நீரிலேயே இட்டார். விலங்கும் தாவரமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஒரு சிறு கடல் அப்படி உருவாயிற்று.

இக்கலையைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தவர் பிலிப் ஹென்றி காஸ். 1853இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் திறக்கப்பட்ட மீன் இல்லத்துக்குக் கடலுயிர்களைத் திரட்டித் தந்தவர்களில் அவரும் ஒருவர். 1854இல் அவர் வெளியிட்ட நூல்தான் 'அக்வேரியம்' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது. கடற்பாசிக்கு வேரில்லை, பாறையிலிருந்து பிய்த்தால் அது பிழைக்காது, ஆகவே பாறையின் ஒரு சில்லோடு சேர்த்தே பெயர்த்தெடுக்க வேண்டும் என்று அவர் கற்பித்தார். அதற்கான கருவிகள் உளியும் சுத்தியலும். உயிரோடு கல்லைப் பெயர்ப்பது என்ற வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

விளைவு என்ன? நூலைப் படித்து உளியோடு கரைக்கு வந்தவர்கள் இங்கிலாந்தின் பாறைக் குட்டைகளைத் துடைத்தெடுத்தார்கள். காஸின் மகன் எட்மண்ட் காஸ் 1907இல் எழுதிய 'தந்தையும் மகனும்' என்ற நினைவு நூலில், தம் சிறுவயதில் கண்ட அந்தக் குட்டைகளின் எழில் அழிந்துபோனதை வருந்திச் சொல்கிறார். தம் நூல்களின் புகழே அந்தக் கேட்டுக்குக் காரணமாயிற்று என்று தந்தையே உணர்ந்து மனம் நொந்ததையும் மறைக்காமல் பதிவுசெய்கிறார். கடலை நேசித்தவரின் எழுத்தே கடற்கரையை வெறுமையாக்கிற்று. இந்த நிகழ்வை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; மீண்டும் இதனிடம் வர நேரும்.

ஜகார்த்தாவிலிருந்து ஒரு குரல்

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கடல்மீன் தொட்டி என்றால் ஒருவகை மருத்துவமனை என்றே கொள்ளலாம். நோய்க்கு அஞ்சி எல்லாவற்றையும் துப்புரவாக வைப்பதே நெறியாக இருந்தது. வெளுக்கவைத்த பவள எலும்புகளை அலங்காரமாக நிறுத்துவார்கள். அவற்றில் பாசி படிந்தால் எடுத்து மீண்டும் வெளுப்பார்கள். மீனின் கழிவிலிருந்து எழும் அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை ருஷ்ய அறிஞர் செர்கே வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டையொட்டியே இனங்கண்டிருந்தார். ஆயினும் தொட்டிக்குள் அவற்றுக்கு உரிய வீடு எது என்பது விளங்க நாளாயிற்று.

1961இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் லீ சின் எங் என்பவரின் கட்டுரை வெளிவந்தது. ஜகார்த்தாவில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் அவர். இயற்கை முறையில் கடல்மீன் வளர்ப்பது பற்றிய அக்கட்டுரையில் அவர் சொன்ன தேவைகள் மிகக் குறைவு: கடல்நீர், வெயில், மெல்லிய குழாய்வழி எழும் காற்றுக்குமிழ்கள், கடலிலிருந்து அப்படியே கொண்டுவந்த உயிருள்ள கற்கள். வடிகட்டி எதுவும் இல்லை. அன்றைய நெறிக்கு இது நேர்மாறானது. மற்றவர்கள் தேய்த்துக் கழுவி நீக்கியதையே அவர் தொட்டியின் உயிர்நாடியாகக் கொண்டார். கடல் அருகில் இருந்த ஒருவருக்கு இயன்ற இம்முறை, கடலும் வெயிலும் எட்டாத நகரங்களுக்கு உடனே போய்ச்சேரவில்லை.

பெர்லினில் எழுந்த சுவர்

அடுத்த அத்தியாயம் ஜெர்மனியில் நிகழ்ந்தது. 1970களிலும் 80களிலும் பீட்டர் வில்கென்ஸ் போன்றோரின் எழுத்தாலும், பெர்லின் நகர ஆர்வலர்களின் சோதனைகளாலும் உருவான முறையைப் பின்னர் பெர்லின் முறை என்றே அழைத்தார்கள். நிறைய உயிர்க்கல், வலுவான ஒளி, நல்ல நீரோட்டம், நுரை பிரிப்பான் ஆகியவை அதன் தூண்கள். வெல்லப்பாகு காய்ச்சும்போது மேலே திரளும் அழுக்கு நுரையை அகப்பையால் வழித்தெடுப்பதை நம் வீடுகளில் பார்த்திருப்போம். நுரை பிரிப்பானும் அதைத்தான் செய்கிறது: நுண்குமிழ்களில் ஒட்டி எழும் கரிமக் கழிவை, அது அழுகும் முன்னரே நீரைவிட்டு வெளியேற்றுகிறது. எஞ்சியதைக் கல் பார்த்துக்கொள்ளும். கல்லின் மேற்பரப்பில், உயிர்வளி உள்ள இடத்தில், ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட் ஆக்குகிறது. உயிர்வளி புகாத உட்துளைகளில் வேறொரு வகை அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பியனுப்புகிறது. ஒரே கல்லுக்குள் இரண்டு தொழிற்கூடங்கள்.

1986இல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைத் தொடர் வழியாக 'சிறு பவளத்திட்டு' என்ற கனவு அமெரிக்க வாசகர்களைத் தொற்றிக்கொண்டது. 1994இல் டெல்பீக், ஸ்ப்ரங் இருவரும் எழுதிய பெருநூலின் முதல் தொகுதி வந்தபோது அந்தக் கனவுக்கு இலக்கணமே அமைந்துவிட்டது. ஒரு காலன் நீருக்கு ஒன்று முதல் இரண்டு ராத்தல் கல் என்பது அன்று வாய்மொழியாக வழங்கிய கணக்கு. 75 லிட்டர் கொள்ளும் சிறு தொட்டிக்கு இது ஏறத்தாழ 9 முதல் 18 கிலோ. இவ்வளவு கல்லையும் பின்கண்ணாடியில் சாய்த்து மேல்விளிம்புவரை அடுக்குவதே வழக்கம். சுவர் என்ற பெயர் அதற்குப் பொருந்தும்.

அச்சுவரின் குறைகள் சிறிய தொட்டிகளில்தான் முதலில் வெளிப்பட்டன. கல் நிறைய நிறைய நீரின் அளவு குறையும். நீர் குறைந்தால் வெப்பமும் உப்பும் விரைவில் தடுமாறும். சுவருக்குப் பின்னால் நீரோட்டம் செல்லாது. அங்கே கழிவு படிந்து அழுகும். ஆகவே பிற்காலத்தவர் கண்ணாடியை விட்டுச் சற்று விலகி, கற்கள் சில புள்ளிகளில் மட்டும் தொட்டு நிற்குமாறு, வளைவும் குகையுமாக அடுக்கக் கற்றனர். அடிக்கல்லை மணலின் மேல் வைக்கக் கூடாது; முதலில் அதைத் தொட்டியின் அடியில் நேரே ஊன்றி, பிறகே மணலைப் பரப்ப வேண்டும். இல்லையேல் மணலைத் தோண்டி வளை அமைக்கும் இறாலும் மீனும் ஒருநாள் சுவரையே சாய்த்துவிடும். வீடு கட்டும் கொத்தனார் அஸ்திவாரத்துக்குச் சொல்லும் நியாயமே இதுவும்.

கல்லைப் பக்குவப்படுத்துவது தனிக்கலை. பயணத்தில் மாண்ட கடற்பஞ்சுகளும் புழுக்களும் அழுகி நாறும். அம்மோனியா உயரும், பின் நைட்ரைட் உயரும், பின் இரண்டும் அடங்கும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மீன் விடக் கூடாது. பொறுமையற்றவர்கள் அந்தப் பாடத்தை மீன்களின் உயிரைக் கொடுத்தே கற்றார்கள்.

கல் எங்கிருந்து வந்தது?

ஆயிரமாயிரம் வீடுகளில் சுவர் எழுந்தபோது, கடலடியில் வேறெங்கோ சுவர் குறைந்துகொண்டிருந்தது. ஃபுளோரிடா மாநிலம் தன் கடற்பரப்பில் உயிர்க்கல் எடுப்பதை 1989இல் தடைசெய்தது. அதற்கப்பாலுள்ள அமெரிக்கக் கூட்டாட்சிக் கடலிலும் 1990களின் பிற்பகுதிக்குள் வாயில் அடைக்கப்பட்டது. பல ஆண்டுகள் இக்கல்லை ஏராளமாக ஏற்றுமதி செய்துவந்த ஃபிஜியும் 2018இல் தடை விதித்தது. காஸின் காலத்துக் கதை வேறு கடல்களில் மறுபடி நடந்தது என்பதன்றி இதற்கு என்ன பொருள்? அழிக்க நினைத்தவர் இங்கும் யாருமில்லை. கடலின் ஒரு துண்டு தம் கூடத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பியவர்களே எல்லோரும்.

நம் கடற்கரைக்கு இக்கதையில் இடமில்லை என்று சொல்வதற்கில்லை. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் உண்டு. 1986இல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டும் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. சுற்றியிருந்த பவளத்தைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்ததால் அலையைத் தடுக்க அரண் இல்லாமல் அவை கரைந்தன என்பது ஆய்வாளர் கருத்து. அந்தப் பவளம் அழகுத்தொட்டிக்குப் போகவில்லை. வீட்டுச் சுவருக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் போயிற்று. 2001இல் இந்திய அரசு கற்பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கு உரிய காப்பு பவளத்துக்கும் கிடைத்தது. பவளக்கல்லைக் கடலிலிருந்து பெயர்த்து வீட்டுத் தொட்டியில் வைப்பது இங்கே குற்றம்.

இதில் மனத்தை உறுத்தும் ஒரு பொருத்தத்தையும் குறிப்பிட வேண்டும். பவளக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். நீர் தெளித்தால் அது நீற்றுச் சுண்ணாம்பாகும். வில்கென்ஸ் பரிந்துரைத்த முறையில், பவளம் வளரச் சுண்ணச்சத்து வேண்டும் என்பதற்காகத் தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விட்டது, அதே நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரைத்தான். பெர்லினில் சுண்ணாம்பிலிருந்து பவளம் வளர்ந்த அதே காலத்தில், நம் காளவாய்களில் பவளத்திலிருந்து சுண்ணாம்பு வெந்துகொண்டிருந்தது. வேதியியலுக்கு இரு திசையும் ஒன்றுதான். எரிப்பதற்கு ஓர் இரவு போதும், வளர்ப்பதற்கு ஆண்டுகள் வேண்டும் என்ற வேறுபாடு மனிதருக்கும் பவளத்துக்கும் மட்டுமே உரியது.

உறைமோர்

தடைகள் ஆர்வத்தைக் கொல்லவில்லை, திசைமாற்றின. ஃபுளோரிடாவில் நிலத்தில் வெட்டிய கல்லைக் குத்தகைக்கு எடுத்த கடற்பரப்பில் இறக்கி, சில ஆண்டுகள் உயிர் படியவிட்டு, பின்பு எடுத்து விற்கிறார்கள். கடல் இங்கே சுரங்கமாக இல்லை, வயலாக இருக்கிறது. வேறு பலர் நிலத்தில் கிடைக்கும் தொல்பவளக் கல்லையோ செயற்கைக் கல்லையோ உலர்ந்த நிலையில் வாங்கிச் சுவர் கட்டுகிறார்கள். உலர்கல்லில் உயிரில்லை. அதனால் பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து ஒரு சிறு உயிர்க்கல் துண்டை வாங்கி நடுவே வைப்பார்கள். மாதக்கணக்கில் அதிலிருந்து பாக்டீரியாவும் பாசியும் மற்றக் கற்களுக்குப் பரவும். அந்தச் சுவர் முழுமையாக முதிர ஓராண்டும் ஆகலாம்.

இது நமக்குப் புதிதன்று. பக்கத்து வீட்டில் கரண்டி மோர் வாங்கி வந்து பாலில் உறை ஊற்றிய குடும்பங்கள்தாமே நாம்? அந்த மோர் எந்தத் தலைமுறைத் தயிரிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. யாரும் எதையும் இழக்காமலே அது தெருவெங்கும் பரவியது. பெர்லின் ஆர்வலர் டீட்ரிச் ஸ்டூபர் தம் தொட்டியில் வளர்த்த பவளத்தின் கிளைகளும் அவ்வாறே கைமாறிக் கைமாறிப் பல நாடுகளின் தொட்டிகளில் தழைத்தன.

ஆகவே ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் ஊதா படர்ந்த கற்சுவரையும் அதன் பொந்திலிருந்து எட்டிப்பார்க்கும் இறாலையும் காண நேர்ந்தால், வியந்து முடித்த பின் ஒரு கேள்வியைக் கேட்கலாம் என்று நினைக்கிறோம்: இந்தக் கல் எங்கிருந்து வந்தது? "உலர்கல்லாக வாங்கினேன், உயிர் பிடிக்க ஒரு வருடம் ஆயிற்று" என்று அவர் சொன்னால், அந்தச் சுவரை இன்னும் சற்று நேரம் நின்று பார்க்கலாம்.