பந்தை மிதித்து நிற்பவன் பிறந்த கதை

எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தை ஒட்டி, திருவொற்றியூர் பக்கம் ஒரு கிரவுண்டு இருக்கிறது. ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் சாலை. ஒரு கோலுக்கு இரும்புக் கம்பம், எதிர்க் கோலுக்கு இரண்டு செங்கல். காலை ஷிப்ட் முடிந்தவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்து வேடிக்கை பார்க்க உட்கார்ந்தால், ஆட்டம் சூடு பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

போன மாதம் அங்கே ஒரு பையனைப் பார்த்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். நடு கிரவுண்டில் பந்து அவன் காலுக்கு வந்தது. மற்ற பையன்களைப் போல விழுந்தடித்து ஓடவில்லை. பந்தின் மேல் காலை வைத்து நின்றுவிட்டான். ஒரு விநாடி, இரண்டு விநாடி.

"குடுறா! டேய், குடுறா!"

"இன்னாடா மிதிச்சினு நிக்கற!"

கோட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் கையை உயர்த்தினார். "கத்தாதீங்கடா. அவன் பாக்கறான்."

அந்த இரண்டு விநாடி சும்மா வந்ததல்ல. கால்பந்தில் "பார்க்கிறவன்" என்று ஒரு ஆள் முதலில் இருந்ததே இல்லை. இருக்க விதியே இடம் தரவில்லை.

1863-ல் லண்டனில் கால்பந்துச் சங்கம் கூடி எழுதிய முதல் விதிகளின்படி, பந்துக்கு முன்னால் நிற்கும் எவனும் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. முன்பக்கம் பாஸ் கொடுக்க முடியாது. ஆக, பந்து கிடைத்தவன் தலையைக் குனிந்துகொண்டு உருட்டுவான், கூட்டாளிகள் கல்யாண ஊர்வலம் மாதிரி பின்னால் வருவார்கள். அவன் தடுக்கி விழுந்தால் அடுத்தவன் உருட்டுவான். இதில் தலை நிமிர்ந்து பார்க்க என்ன இருக்கிறது? 1866-ல் விதியைத் தளர்த்தினார்கள். தனக்கும் எதிராளியின் கோலுக்கும் நடுவே மூன்று பேர் இருந்தால் முன்னால் நிற்கலாம் என்றானது. ஆனாலும் இங்கிலாந்துக்காரர்கள் பழைய பழக்கத்தை விடவில்லை. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம் அது. ஆங்கிலேயர்கள் ஓங்குதாங்கானவர்கள். மோதினால் தாங்க மாட்டோம் என்று ஸ்காட்லாந்துக்காரர்களுக்குத் தெரியும். அதனால் மோதாமல் ஒருவருக்கொருவர் பந்தைத் தட்டிக்கொண்டே ஆடினார்கள். முடிவு 0-0. கோலே இல்லாத அந்த ஆட்டத்தில்தான் நம்முடைய ஆள் கருவில் உருவானான் என்று நான் நினைக்கிறேன். பாஸ் என்று ஒன்று வந்துவிட்டால், யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கவும் ஒருவன் வேண்டுமே.

அப்படி வந்தவன்தான் சென்டர் ஆஃப். பின்னால் இரண்டு பேர், நடுவே மூன்று, முன்னால் ஐந்து என்று அணியை அடுக்கிய காலத்தில் நட்டநடுவில் நின்றவன். தடுப்பதும் அவன், கொடுப்பதும் அவன். பட்டாளத்தோடும் கப்பலோடும் ரயிலோடும் இந்த ஆட்டம் இங்கே வந்தபோது அவனும் வந்தான். சிம்லாவில் டுராண்ட் கோப்பை தொடங்கியது 1888-ல். சென்னையில் ரயில்வே, துறைமுகம், மில், வங்கி என்று வேலைக்கு ஆள் எடுத்த இடங்களெல்லாம் கால்பந்துக்கும் ஆள் எடுத்தன.

1925-ல் விதி மறுபடி மாறியது. மூன்று பேர் இரண்டு பேர் ஆனார்கள். முன்னால் நிற்பவனுக்கு வாசல் திறந்துவிட்டது, கோல் மழை. இதற்கு மாற்று தேடியதில் பேர் வாங்கியவர் ஆர்சனலின் ஹெர்பர்ட் சாப்மன். சென்டர் ஆஃபை நடுவிலிருந்து பிடுங்கிக் கடைசி வரிசையில் நட்டார். இனி அவன் வேலை யோசிப்பதல்ல, நிறுத்துவது. நம் பக்கத்துப் பெருசுகள் இன்றைக்கும் அந்த இடத்தை "ஸ்டாப்பர்" என்றுதான் சொல்கிறார்கள். சிலர் வாயில் "சென்டர் ஆஃப்" என்றும் வரும். நடுவே நிற்காதவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று சின்ன வயதில் குழம்பியிருக்கிறேன். காலி செய்துவிட்டுப் போன வீட்டின் கதவில் பழைய பெயர்ப்பலகை தொங்குவது மாதிரிதான்.

இதே ஆள் அமெரிக்காவில் வேறு வயிற்றில் பிறந்தான். அவன் பெயர் குவாட்டர்பேக். நம்மூரில் குவாட்டர் என்றால் 180 மில்லி என்று குழந்தைக்கும் தெரியும், இது வேறு கால்வாசி. வரிசையில் நிற்பவர்களுக்கும் கடைசியில் நிற்கும் ஃபுல்பேக்குக்கும் நடுவே, கால்வாசித் தூரத்தில் நிற்பவன் என்று கணக்கு. அவர்களுடைய ஃபுட்பால் ரக்பியிலிருந்து பிரிந்தது. ரக்பியில் பந்தை நடுவே போட்டு இரு கூட்டமும் தள்ளுமுள்ளு செய்யும், யார் பக்கம் உருளுமோ தெரியாது. 1880-ல் யேல் கல்லூரியின் வால்டர் கேம்ப் இதை மாற்றினார். பந்து முதலில் ஒரு அணியிடம்தான் இருக்கும், நடுவே நிற்பவன் அதைப் பின்னால் தள்ளுவான், வாங்குவதற்கென்று ஒருவன். தள்ளுமுள்ளு நின்று ஒரு கணம் அமைதி கிடைத்தது. அந்த அமைதியில்தான் குவாட்டர்பேக் பிறந்தான்.

ஆனால் பிறந்தபோது அவன் வெறும் தபால்காரன். பந்தை வாங்கி இன்னொருவனிடம் கொடுப்பதோடு சரி. முன்பக்கம் எறியும் உரிமை வந்தது 1906-ல், அதுவும் சாவைப் பார்த்த பிறகு. 1905-ல் மைதானங்களில் இளைஞர்கள் மோதியே செத்தார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிகளின் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேச வேண்டியிருந்தது. எறிய அனுமதித்த முதல் ஆண்டுகளில்கூட, எறிந்த பந்தை யாரும் பிடிக்காமல் தரையில் விழவிட்டால் தண்டனை. பையன் துணிந்து எறியட்டும் என்று சொல்லிவிட்டுக் காதைத் திருகுகிற அப்பா மாதிரி. 1913-ல் நாட்டர்டாம் கல்லூரி ராணுவக் கல்லூரியை 35-13 என்று புரட்டிப் போட்டது. கஸ் டொராய் எறிய, நூட் ராக்னி பிடிக்க, இது வேடிக்கை இல்லை, ஆயுதம் என்று எல்லோருக்கும் புரிந்தது.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த வருஷம் 1940. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணி முந்தைய வருஷம் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்திருந்தது. கோச்சை அனுப்பிவிட்டு கிளார்க் ஷானெஸி என்பவரைக் கூட்டிவந்தார்கள். அவரும் பேர் பெற்ற வெற்றியாளர் அல்ல, சிகாகோ பல்கலைக்கழகத்தில் வரிசையாகத் தோற்றவர். அவர் ஆட்களை டி எழுத்து வடிவில் நிற்கவைத்து, குவாட்டர்பேக்கைப் பந்து தள்ளுகிறவனின் முதுகுக்குப் பின்னாலேயே நிறுத்தினார். ஒவ்வொரு பந்தும் முதலில் அவன் கைக்கு. கொடுக்கலாம், கொடுப்பதுபோல் ஏமாற்றலாம், எறியலாம். ஃபிராங்கி ஆல்பர்ட் என்ற ஒல்லிப் பையன் அந்த இடத்தில் நின்றான். அதே கல்லூரி, பெரும்பாலும் அதே பையன்கள். அந்த வருஷம் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. இன்றைக்கு டிவியில் பார்க்கும் குவாட்டர்பேக் அங்கிருந்து வந்தவன். தபால்காரனைத் தபால் நிலைய அதிகாரியாக்கியது ஒரு கோச் மாற்றம்.

அதன் பிறகு அங்கே கோச்சுக்கும் குவாட்டர்பேக்குக்குமான உறவு குடும்ப உறவு மாதிரி ஆகிவிட்டது. 2021 கடைசியில் கோச் லிங்கன் ரைலி ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தை விட்டுத் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருடைய குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் சில வாரங்களில் மூட்டை கட்டிக்கொண்டு பின்னாலேயே போய், கல்லூரி ஃபுட்பாலின் பெரிய விருதான ஹைஸ்மனையும் 2022-க்கு வாங்கினான். பிடிக்காத கோச்சை அனுப்புவதற்கும் கணக்கு வழக்கில்லை. 2023-ல் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்ப ஒப்பந்தப்படி கொடுக்கவேண்டியிருந்த தொகை சுமார் 7.6 கோடி டாலர். நம் பணத்தில் 600 கோடிக்கு மேல். வேலை செய்யாமலிருக்க! இதை எங்கள் மாஸ்டரிடம் சொன்னேன். "எனக்கு அறுநூறு ரூபா குடுத்தாக்கூட போயிடுவேன்பா, யார் குடுக்கறா" என்றார்.

வடசென்னையில் கோச் மாறுவதில்லை என்பதுதான் விஷயம். மாஸ்டர் சாகும்வரை மாஸ்டர். பையன்கள்தான் போய்க்கொண்டே இருப்பார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே, வங்கி, போலீஸ் என்று ஒரு வேலை கிடைத்தால் அதுதான் கோப்பை. வேலைக்கு ஆள் எடுப்பவர் கண்ணில் படுகிறவன் கோல் போட்டவன். நடுவே நின்று நாலு பேருக்கு நல்ல பாஸ் கொடுத்தவனை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? பார்க்கிறவன் நம் தெருக்களில் அரிதாக வளர்வதற்குக் காரணம் திறமைக் குறைவல்ல, பசி என்றே நான் சொல்வேன்.

இருந்தும் வளர்ந்தான் ஒருவன். வியாசர்பாடியில் 1997-ல் உமாபதி, தங்கராஜ் போன்றவர்கள் குடிசைப்பகுதிப் பிள்ளைகளுக்காகக் கால்பந்தும் படிப்பும் சேர்ந்த ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். பள்ளியை விட்டுப் பையன்கள் நழுவுவதை நிறுத்தப் பந்துதான் தூண்டில். அந்த மண்ணிலிருந்து வந்தவர் தன்பால் கணேஷ். 1994-ல் பிறந்தவர், ஆடியது நடுக்களத்தில், தடுப்பாளர்களுக்குச் சற்று முன்னால். சாப்மன் பிடுங்கிய அந்தப் பழைய சென்டர் ஆஃப் இடத்துக்குக் கிட்டத்தட்ட திரும்பி வந்தவர்.

சென்னையின் எஃப்சி 2014-ல் தொடங்கியபோது கோச், உலகக்கோப்பை வென்ற இத்தாலியர் மார்கோ மட்டராஸி. 2015-ல் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையும் வந்தது. கணேஷ் அணியில் இருந்தார். ஆனால் அணியின் தவிர்க்க முடியாத ஆளாக அவரை நாம் பார்த்தது 2017-ல் ஜான் கிரெகரி என்ற இங்கிலாந்துக்காரர் கோச்சாக வந்த பிறகுதான். 2018 மார்ச் 13, நேரு ஸ்டேடியம், கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். முதல் ஆட்டம் 1-1. இங்கே 3-0. முன்னால் ஆடும் ஜெஜெ இரண்டு கோல், நடுவே ஒன்று கணேஷ். கோல் போடுவது அவர் தொழிலே அல்ல. நான்கு நாள் கழித்து பெங்களூரில் பெங்களூரு எஃப்சியை 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பை.

அடுத்த சீசனில் கணேஷ் காயத்தில் விழுந்தார். சாம்பியன் அணி 18 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்துக் கடைசி இடத்துக்குப் போனது. ஒரே ஆள் இல்லாததால் ஒரு அணி இப்படிக் கவிழாது, தெரியும். வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்த சீசனைப் பார்த்தவர்களைக் கேளுங்கள், பந்து நடுவே வரும்போதெல்லாம் சுடுசட்டியைப் பிடித்ததுபோல் உதறினார்கள் என்பார்கள். 2019 நவம்பரில் கிரெகரி கிளம்பினார். ஓவன் காய்ல் வந்தார். பிரேசில்காரர் ரஃபேல் கிரிவெல்லாரோவிடம் பந்தைக் கொடுங்கள், மற்றவர்கள் ஓடுங்கள் என்று ஆடவைத்தார். அடிமட்டத்தில் கிடந்த அணி இறுதிப்போட்டிக்கே போய்விட்டது. 2020 மார்ச் 14, கோவிட் பயத்தில் ஆளில்லாத மைதானத்தில் கொல்கத்தாவின் ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றார்கள். அடுத்த சீசன் புது கோச் சாபா லாஸ்லோ. கிரிவெல்லாரோவுக்கு நடுவில் காயம். அணி எட்டாவது இடம். பிறகு பாண்டோவிச், அவரை அனுப்பியபின் இடைக்காலத்துக்கு நம் சென்னையின் சபீர் பாஷா, பிறகு பிர்தாரிச், மறுபடி காய்ல். கோச்சுகள் பெயரை வரிசையாகச் சொல்லச் சொன்னால் பதினைந்தாம் வாய்ப்பாடு மாதிரி நாக்கு திணறும்.

ஆடும் பாணியை மாற்றாமல் விட்டதற்கும் ஒரு உதாரணம் உண்டு, கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். முந்தைய சீசனில் கீழே தத்தளித்த அணியை வைத்துக்கொண்டு, தரையோடு தரையாகப் பாஸ் கொடுத்து ஆடுவது என்பதில் பிடிவாதமாக இருந்தார். 2019 மார்ச் 9 அன்று ஐ-லீக் பட்டம், ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதலாக. அந்த அணியில் நடுவிலும் வலது ஓரத்திலும் மாறி மாறி நின்ற தமிழ்நாட்டுப் பையன் எட்வின் வான்ஸ்பால் பந்து காலில் இருக்கும்போது பதறியதை நான் பார்த்ததில்லை.

எங்கள் மாஸ்டருக்கு இந்தப் பெயர்களில் பாதி தெரியாது. அவர் பையன்களுக்குச் சொல்வது மூன்றே மூன்று: கீழ வெச்சு ஆடு, தலையத் தூக்கு, குடுத்துட்டு நிக்காதே. குறுகலான இடத்தில், மதிலில் மோதாமல், லாரியில் அடிபடாமல் ஆட வேண்டுமென்றால் இதைவிட வேறு பாடம் இல்லை.

அன்றைக்குப் பந்தை மிதித்து நின்ற பையனுக்கு இரண்டு விநாடி போதவில்லை. மூன்றாவது விநாடியில் இடது ஓரத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தவனைக் கண்டுபிடித்துவிட்டான். நியாயமான பாஸ்தான், வேகம்தான் கொஞ்சம் கூடிப்போனது. பந்து ஓடியவனைத் தாண்டி, கோட்டைத் தாண்டி, வரிசையில் நின்ற டிரெய்லருக்கு அடியில் போய்விட்டது. கேபினில் டிரைவர் தூக்கம். எழுப்பினால் திட்டுவார். இருபது பேரும் அவனைப் பார்த்தார்கள்.

அவன் போய்ச் சாலையோரம் குத்த வைத்து, சக்கரங்களுக்கு நடுவே எந்த வழியாகக் கையை விடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.