பழவேற்காடு: கல்லில் பெயர் பெற்றவர்களும் பெறாதவர்களும்

ஐரோப்பியப் பழம் நகரங்களைப் பற்றிய பயணக் கட்டுரைகளை நாம் விரும்பி வாசிக்கிறோம். ஸ்பெயின் நாட்டின் குவென்காவில் செங்குத்துப் பாறையின் விளிம்பில் தொங்கும் வீடுகளையும், ரோண்டாவில் ஆழ்ந்த மலைப்பிளவின் குறுக்கே 1793-இல் கட்டி முடிக்கப்பட்ட பாலத்தையும் படங்களில் கண்டு வியக்கிறோம். அவ்வூர்களுக்கு உயரமே அரண். சென்னைக்கு வடக்கே நமக்கு மிக அருகில் ஐரோப்பியர் கோட்டை கட்டி வாழ்ந்த ஊர் ஒன்று உண்டு. அங்கே குன்றும் இல்லை, பாறையும் இல்லை. ஏரியும் கடலுமே எல்லை. வட காஞ்சி எனப்படும் மீஞ்சூரைக் கடந்து, பொன்னேரி வழியாகச் சென்றால் பழவேற்காட்டை அடையலாம்.

1610-இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதியின் இசைவு பெற்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே பண்டகசாலை அமைத்தது. இரண்டே ஆண்டுகளில் சாந்தோம் போர்த்துகீசியர் அதனைத் தாக்கி அழித்தனர். 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயர் அது. சென்னைப்பட்டினம் தோன்றுவதற்கு 26 ஆண்டுகள் முன்பே சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையிடமாகப் பழவேற்காடு விளங்கியது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது.

அவர்களை இங்கே இழுத்தது துணி. கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க, வெள்ளியைவிட நம் நெசவாளர்களின் துணியே நல்ல மாற்றுப்பொருளாக இருந்தது. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'பெலிகாட்' என்றே பெயர். ஊரின் பெயரே துணியின் பெயராகிக் கடல் கடந்தது.

1795-இல் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றினர். பின்னர் கோட்டை இடிக்கப்பட்டது. 1824 உடன்படிக்கையின்படி டச்சுக்காரர் உரிமை முற்றிலும் முடிவுற்றது. கோட்டையைத் தேடிச் செல்வோர் இன்று காண்பது புதர் மூடிய மேடுகளையும் அகழியின் தடத்தையுமே.

ஆனால் கல்லறைத் தோட்டம் நிற்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. நுழைவாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நம்மை எதிர்கொள்கின்றன. உள்ளே கருங்கல் பலகைகளில் குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. முந்நூறு ஆண்டு உப்புக்காற்றுக்கும் அந்த எழுத்து மங்கவில்லை. பொறித்த கைகள் உள்ளூர்ச் சிற்பிகளுடையவையாகத்தான் இருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்த அழகில் மயங்கி நின்றுவிடுவது எளிது. இதே துறையிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். போரும் பஞ்சமும் வந்த ஆண்டுகளில் அவ்வணிகம் பெருகியது. பசித்தவர்கள் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்க நேர்ந்த காலம் அது. அவர்களுக்கு நடுகல் கிடையாது. கம்பெனிக் கணக்கில் அவர்கள் வெறும் எண்ணிக்கை. துணி நெய்தவர்களுக்கும் இங்கே கல் இல்லை. காலனிய ஊர் ஒன்றைக் காணச் செல்லும்போது கல்லில் எழுதியிருப்பதை மட்டும் வாசித்துத் திரும்பினால், வரலாற்றின் பாதியைக்கூட நாம் வாசித்தவர்களாக மாட்டோம்.

ஊரின் மற்ற பக்கங்களையும் பார்க்க வேண்டும். ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் சொரசொரப்பான செம்புரைக் கல்லில் இராமாயணக் காட்சிகள் சிறு சிறு உருவங்களாக அமைந்துள்ளன. பள்ளிவாசலில் தொழுகை வேளை அறியும் சூரியக் கடிகாரம் இருக்கிறது.

ஏரியில் மற்றொரு பழைமை உயிரோடிருக்கிறது. எவர், எந்த நாளில், எந்த நீர்ப்பரப்பில் வலை விரிப்பது என்பதை மீனவ ஊர்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் 'பாடு' அது. அந்த முறைக்குள் யாருக்கு இடம் என்ற பூசலும் அதனுடன் சேர்ந்தே வந்திருக்கிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் கடல்நீர் வரத்துக் குறைகிறது. இறாலும் மீனும் குறைகின்றன. டச்சுக்காரரின் கல்லறையைக் காக்கச் சட்டம் இருக்கிறது. பாடு முறையோ அந்த நீர் ஓடும்வரைதான். பழவேற்காடு செல்லும் நண்பர்கள் கல்லறை வாயிலோடு திரும்பிவிடாமல், படகுத்துறையிலும் சிறிது நேரம் நின்று அங்குள்ளவர்களிடம் முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று கேட்டு வாருங்கள்.