எம்டன் வந்த வருஷம்

உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டிய பெரியவர் யாராவது இருக்கிறாரா? இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன வயசு?" என்று கேட்டுப் பாருங்கள். நேரடியாக ஒரு எண் வரவே வராது. "காந்தியைச் சுட்டாங்களே, அப்ப நான் சின்னப் பிள்ளை" என்பார்கள். "பெரிய புயல் அடிச்சு தனுஷ்கோடி போச்சே, அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம்" என்பார்கள். தமிழ் வருஷம் சொல்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வந்துவிடும். ஆனந்த வருஷம் என்று ஒருவர் சொன்னால் அது 1914-ஆ, 1974-ஆ என்று நீங்கள்தான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். என் பாட்டியின் தங்கை. நாங்கள் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். அதனால் இவர் சின்ன ஆயா. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் சிந்தாதிரிப்பேட்டை. பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. ஆனால் கதை சொல்ல ஆரம்பித்தால் கரண்ட் போனதுகூட நமக்குத் தெரியாது.

அவரிடம் ஒரு கதை உண்டு. வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லுவார். "எம்டன் வந்தப்ப ஊரே காலி. எனக்குப் பதினோரு வயசு. எழும்பூர் ஸ்டேஷன்ல நிக்க இடமில்ல. எங்கப்பா என்னை ஜன்னல் வழியா உள்ள தூக்கிப் போட்டாரு. கையில ஒரு கூஜா. காஞ்சிபுரம் போய்ச் சேர்ற வரைக்கும் கூஜாவை நான் கீழ வைக்கவே இல்ல. அதுக்கு முன்னால பார்க்குல புலியைச் சுட்டுட்டாங்க. தெனம் ராத்திரி சிங்கம் கத்துறது எங்க வீட்டுக்குக் கேக்கும். அப்புறம் கேக்கவே இல்ல."

சின்ன வயதில் வாய் பிளந்து கேட்டிருக்கிறேன். பிறகு பி.காம். படித்தேன். கெட்டுப்போனது அங்கேதான்.

ஆடிட்டிங் பேப்பரில் முதலில் சொல்லித் தருகிற விஷயம் ஒன்று உண்டு. வவுச்சர் இல்லாத எந்த வரவையும் செலவையும் நம்பாதே. அந்தப் புத்தியோடு பத்திரிகை வேலைக்கும் வந்து சேர்ந்தவன் நான். சின்ன ஆயாவின் கதைக்கு வவுச்சர் பார்க்க ஆரம்பித்தேன்.

எம்டன் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜெர்மானியப் போர்க் கப்பல். முதல் உலகப் போர் ஆரம்பித்த சூட்டோடு வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்து பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை வரிசையாகப் பிடித்து மூழ்கடித்துக்கொண்டிருந்தது. கேப்டன் பெயர் கார்ல் ஃபான் முல்லர். 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி சுமாருக்கு மதராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டு மழை பொழிந்தது. சுமார் அரை மணி நேரம், நூற்றுச் சொச்சம் குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. ஒரு குண்டு ஹைகோர்ட் காம்பவுண்டுச் சுவரில் விழுந்தது. அந்த இடத்தில் பின்னாளில் ஒரு கல்வெட்டுப் பலகை வைத்தார்கள். திருப்பிச் சுடுகிறவர்கள் சுதாரிப்பதற்குள் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது.

சேதம் என்று பார்த்தால் போர்க் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் பயம்? மறுநாளே ஜனங்கள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ரயிலில், மாட்டு வண்டியில், கிடைக்காதவர்கள் நடந்து. பூட்டிக் கிடந்த வீடுகளில் திருடர்கள் புகுந்தார்கள். இத்தனைக்கும் அந்தக் கப்பலே அதற்கப்புறம் இரண்டு மாதம்கூட உயிரோடு இல்லை. நவம்பர் 9-ம் தேதி கோகோஸ் தீவுக்குப் பக்கத்தில் ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' அதை அடித்து நொறுக்கிவிட்டது. கப்பல் போனாலும் பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது. யாரையாவது 'சரியான எம்டன்' என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று அர்த்தம். 2006-ல் ஒரு படத்துக்கு 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்தார்கள். தமிழில் பெயர் வைத்தால்தான் வரிவிலக்கு என்பதால் அது 'எம் மகன்' ஆனது. எம்டனைவிடப் பழக்கமான தமிழ்ச் சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

சரி, கணக்குக்கு வருவோம். 1914-ல் சின்ன ஆயாவுக்குப் பதினோரு வயது என்றால் பிறந்தது 1903. நான் இந்தக் கணக்கைப் போட்டது 2017-ல். அப்படியானால் ஆயாவுக்கு 114 வயது! உலகத்திலேயே அதிக காலம் வாழ்ந்ததாகப் பதிவான பிரெஞ்சுப் பாட்டி ழான் கல்மான் 1997-ல் இறந்தபோது வயது 122. எங்கள் ஆயா கிட்டத்தட்டப் பக்கத்தில் வந்துவிட்டார். ஆனால் ஆதார் அட்டை 1931 என்கிறது. அவருடைய மூத்த மகன் வயதை வைத்துப் பார்த்தாலும் அதுதான் சரி. ஆக, எம்டன் வந்தபோது ஆயா பிறக்கவே இல்லை.

இதை நான் என் நோட்டுப் புத்தகத்தோடு வைத்துக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை. அந்த வருஷம் உறவில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு ஆயா ஆரம்பித்தார். எம்டன் வந்தப்ப ஊரே காலி. நான் குறுக்கே புகுந்தேன். "ஆயா, எம்டன் வந்தது 1914. நீ பொறந்ததே 1931. உங்கம்மா கதையை நீ உன் கதையா சொல்லிட்டிருக்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பையன் கைகூடத் தட்டினான். ஆயா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்டியா? நீ படிச்சவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, 2019-ல், வேறு ஒரு கட்டுரைக்காக 1942-ம் வருஷத்து மதராஸைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது.

அந்த வருஷம் பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-ல் ரங்கூன். பர்மாவிலிருந்து தப்பித்து வந்த ஜனங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லச் சொல்ல நகரத்துக்கே நடுக்கம். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. நகுமோ தலைமையில் வந்த ஜப்பானியக் கடற்படை விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. 9-ம் தேதி திருகோணமலை. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹெர்மிஸ்' என்கிற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அடுத்தது மதராஸ்தானே? அரசாங்கமே, இங்கே இருந்துதான் ஆக வேண்டும் என்கிற வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவது நல்லது என்று சொல்லிவிட்டது. ஹைகோர்ட் கோயம்புத்தூருக்குப் போனது. அரசு அலுவலகங்கள் பல, பெட்டியும் பைலுமாக வெளியூர்களுக்குக் கிளம்பின. ரயிலில் இடம் பிடித்தவன் பாக்கியவான்.

அடுத்து வந்த வரிதான் என்னைத் தூக்கி அடித்தது. அப்போது மிருகக்காட்சி சாலை வண்டலூரில் இல்லை. அங்கே போனதெல்லாம் 1985-ல். அன்றைக்கு அது ரிப்பன் கட்டடத்துக்கும் மூர் மார்க்கெட்டுக்கும் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்து சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிட்டால்? மலபார் ஸ்பெஷல் போலீஸை வைத்து ஆபத்தான மிருகங்களைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கூவத்துக்கு இந்தப் பக்கம் சிந்தாதிரிப்பேட்டை, அந்தப் பக்கம் பார்க். ராத்திரியில் சிங்கம் கத்தினால் கேட்காமல் என்ன செய்யும்?

1942-லிருந்து 1931-ஐக் கழித்துப் பாருங்கள். பதினொன்று.

ஆயா சொன்னதில் ரயில் சரி, புலி சரி, வயதும் சரி. ஒரே ஒரு சொல்தான் இடித்தது. எம்டன். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நான் மொத்தக் கணக்கையும் தள்ளுபடி செய்திருக்கிறேன். 1914-ல் யாரும் புலியைச் சுடவில்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஆடிட்டிங் பேப்பரில் நான் எப்படிப் பாஸானேன் என்பது இன்றுவரை ஆச்சரியம்தான்.

ஆனால் அந்தச் சொல் எப்படி உள்ளே வந்தது? அதற்கும் ஒரு பெரியவர்தான் பதில் சொன்னார். நண்பரின் அப்பா. பெரம்பூர்க்காரர். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். அப்போது 93 வயது. கேட்டதும் சிரித்துவிட்டார். "எங்க வீட்டுப் பொம்பளைங்களுக்கு ஜெர்மன்காரன் யாரு, ஜப்பான்காரன் யாரு, ஒண்ணும் தெரியாது தம்பி. கடல்லேர்ந்து வந்து குண்டு போடுறவன் எம்டன். அவ்வளவுதான். அந்த வருஷமும் 'மறுபடி எம்டன் வரான்'னுதான் பேசிக்கிட்டாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "வயசானவங்க சில பேரு கிளம்பவே மாட்டேன்னுட்டாங்க. முதல் எம்டனுக்கு ஓடிப் போய்ட்டுத் திரும்பி வந்தா வீட்ல அண்டா குண்டான்கூட இல்லையாம். அந்தச் சூடு. சாவுறதா இருந்தா என் வீட்லயே சாவுறேன், நீங்க போங்கன்னு உக்காந்துட்டாங்க."

எனக்கு அமெரிக்காவின் சாமுவேல் சீமோர் ஞாபகம் வந்தது. 1956 பிப்ரவரியில், 95 வயதில், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்து உட்கார்ந்தவர். 1865 ஏப்ரல் 14-ம் தேதி ராத்திரி ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட நாடகக் கொட்டகையில் இருந்தவர்களில் மிச்சமிருந்த கடைசி ஆள் அவர். அப்போது ஐந்து வயதுக் குழந்தை. துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மேலே பால்கனியிலிருந்து ஒருவன் மேடையில் வந்து விழுந்தான். ஐயோ பாவம், இந்த மனிதருக்கு அடிபட்டிருக்குமே, யாராவது தூக்கிவிட மாட்டார்களா என்பதுதான் அந்தக் குழந்தையின் கவலை. விழுந்தவன்தான் சுட்டவன் என்பதோ, சுடப்பட்டது ஜனாதிபதி என்பதோ தெரியாது. நிகழ்ச்சிக்கு இரண்டு மாதம் கழித்து சீமோர் இறந்துபோனார். சரித்திரப் புத்தகம் எழுதியவர்களுக்குக் கொலை முக்கியம். ஐந்து வயதுக்கு, விழுந்தவனின் கால் முக்கியம்.

எங்கள் ஆயாவுக்கு ஒரு கூஜா. அதற்குள் என்ன இருந்தது என்று நான் கேட்டதே இல்லை.

ஜப்பான்காரன் அந்த ஏப்ரலில் மதராஸுக்கு வரவில்லை. கப்பல்களைத் திருப்பிக்கொண்டு கிழக்கே போய்விட்டான். வந்த ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களில் மூன்று ஜூன் மாதம் மிட்வே சண்டையில் மூழ்கிப்போயின. 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் மதராஸ் மேல் பறந்து கொஞ்சம் குண்டு போட்டுவிட்டுப் போனது. அதற்குள் ஓடிப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்திருந்தார்கள்.

நான் ஆயாவைப் பார்க்கப் போனேன். மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியவில்லை. படித்ததைச் சொன்னேன். "நீ சொன்னதுதான் சரி ஆயா. அது 1942." அவருக்கு அப்போதே காதும் ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போய்க்கொண்டிருந்தன. சிரித்தார். "சாப்டியா?" என்றார். கதை வரவில்லை.

2020 மார்ச் மாதக் கடைசி. ஊரடங்கு. என் மாமா வீட்டு பால்கனியில் ஆயாவை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. கடைகளெல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். குரல் சின்னப் பெண் குரல் மாதிரி இருந்தது என்று மாமா போனில் என்னிடம் சொன்னார்.

"எல்லாரும் போய்ட்டாங்களா? எம்டன் வரானா?"

"இல்லம்மா, யாரும் வரல."

"அப்பா, வெளியில பூட்டாதப்பா. பெரியாயா உள்ளதான் இருக்கு."

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் பெரியாயா என்று ஒருவர் இருந்ததே தெரியாது. எனக்கும்தான். குடும்பத்தில் மிச்சமிருக்கிறவர்கள் அத்தனை பேரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். 1942-ல் காஞ்சிபுரம் போன அந்த வீட்டில் இருந்தவர்களில், அன்றைக்கு உயிரோடு இருந்த ஒரே ஆள் சின்ன ஆயா.

அடுத்த வருஷம் ஆயா போய்ச் சேர்ந்தார். பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பித்தளைக் கூஜா கிடைத்தது. மூடி இறுகிப் போயிருந்தது. மாமா எண்ணெய் விட்டுத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை.