சுங்கைப் பட்டாணியில் பிறந்த முதல் கர்தினால்: நீதியையும் குணமளித்தலையும் பிரிக்காத நம்பிக்கை

மலேசியாவின் முதல் கர்தினால் அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ் பிறந்த ஊர் கெடா, சுங்கைப் பட்டாணி. பிறந்த நாள் 1932 ஏப்ரல் 22. ஆயராகப் பொறுப்பேற்றபோது அவர் ஏற்றுக்கொண்ட விருதுவாக்கு ‘நீதியும் சமாதானமும்’.

நோயாளிக்குச் செபிப்பது ஆலயத்தின் வேலை, கூலி, வீடு, அடையாள அட்டை போன்றவற்றுக்காகப் பேசுவது அரசியல்வாதியின் வேலை என்று நம்மிடையே ஒரு பிரிவினை இருக்கிறது. சோத்தர் பெர்னாண்டஸின் வாழ்வும், அவர் காலத்தில் இந்நாட்டுக் கத்தோலிக்கத் திருச்சபை கடந்து வந்த பாதையும் அந்தப் பிரிவினைக்கு எதிரானவை. விவிலியத்திலும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. எசாயா 58ஆம் அதிகாரத்தில், அநீதியின் கட்டுகளை அவிழ்ப்பதும் பசித்தவருடன் உணவைப் பகிர்வதும் முதலில் சொல்லப்படுகின்றன. காயம் ஆறும் என்ற வாக்குறுதி அதன் பிறகே வருகிறது.

தோட்டங்களுக்கு நடுவே

அவர் பிறந்த காலத்தில் சுங்கைப் பட்டாணியைச் சுற்றி இருந்தவை பெரும்பாலும் ரப்பர் தோட்டங்கள். லயத்து வீடு, விடியற்காலைப் பிரட்டு, தோட்டத்து டிரசர் கொடுக்கும் மருந்து, சம்பளம் வாங்கிய நாளில் கள்ளுக்கடை என்று அன்றைய தமிழ்த் தொழிலாளரின் வாழ்க்கை நடந்தது.

ஜப்பானியப் படை மலாயாவுக்குள் நுழைந்த 1941 டிசம்பரில் அவருக்கு ஒன்பது வயது. அந்த ஆக்கிரமிப்புக் காலத்தில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டார்கள்.

போர் முடிந்ததும், கெடா தோட்டங்களில் ‘தொண்டர் படை’ இயக்கம் எழுந்தது. கள்ளுக்கடைகளை மூடு, கூலியை உயர்த்து என்பவை அதன் கோரிக்கைகள். 1947இல் பீடோங்கிலும் டப்ளின் தோட்டத்திலும் போலீஸ் நடவடிக்கையில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். இது ஆலயம் நடத்திய இயக்கமல்ல. ஆனால் குடிநோயையும் குறைந்த கூலியையும் ஒரே பிரச்சினையாகப் பார்த்தவர்கள் நம் தோட்டத்து மக்கள் என்பதற்கு அது சான்று. கள்ளுக்குப் பின்னால் வந்த மலிவுச் சம்சுவையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டியுள்ளது.

குருமடத்திலிருந்து கர்தினால் வரை

சோத்தர் பெர்னாண்டஸ் 1966 டிசம்பரில் குருப்பட்டம் பெற்றார். வத்திக்கானின் இரண்டாம் பொதுச்சங்கம் முடிந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. மக்களின் மொழியில் வழிபாடு, பொதுநிலையினரின் பங்கு, பிற சமயத்தாருடன் உரையாடல் என்று அச்சங்கம் தொடங்கிவைத்த மாற்றங்கள் மலேசியப் பங்குகளுக்கு வந்துசேர்ந்துகொண்டிருந்த காலம் அது.

1978 பிப்ரவரியில் அவர் பினாங்கு ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பினாங்கு, கெடா, பெர்லிஸ், பேராக், கிளந்தான் ஆகிய மாநிலங்கள் இந்த மறைமாவட்டத்தில் அடங்கும். சுங்கைப் பட்டாணியும் இதற்குள்தான். சொந்த ஊரின் ஆயராகவும் அவர் இருந்தார் என்று சொல்லலாம். 1983இல் கோலாலம்பூர் பேராயரானார். 2003இல் ஓய்வுபெற்றார். 2016 நவம்பர் 19 அன்று போப் பிரான்சிஸ் அவரைக் கர்தினாலாக உயர்த்தியபோது அவருக்கு வயது 84. எண்பதைக் கடந்தவர்களுக்குப் போப்பைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இல்லை. அவருக்குக் கிடைத்தது அதிகாரமில்லாத, முழுக்க முழுக்க மரியாதைக்கான பதவி.

1976: ஆலயம் வீட்டுக்கு வந்தது

1976 ஆகஸ்ட்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் கூடி, வருங்காலத் திருச்சபை எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்ந்தனர். அதிலிருந்து பிறந்த முக்கிய முடிவு, பி.இ.சி. என்று நாம் சுருக்கமாக அழைக்கும் அடிப்படைத் திருச்சபைச் சமூகங்கள். தமிழ்நாட்டில் இதை ‘அன்பியம்’ என்பார்கள். அருகருகே வாழும் சில குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி, விவிலியம் வாசித்து, அக்கம்பக்கத்துத் தேவைகளைக் கவனிப்பதே இதன் வேலை. சோத்தர் பெர்னாண்டஸ் ஆயரானபோது, அந்த முடிவுகளைப் பங்குகளில் நடைமுறைக்குக் கொண்டுவரும் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் சிதறியபோது இந்த ஏற்பாட்டின் அருமை தெரிந்தது. லயத்தில் ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பத்து வீட்டுக்குத் தெரியும். தாமானில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரே தெரியாமல் போகும். வாரம் ஒரு வீட்டில் கூடும் குழுவுக்குத்தான், யார் வீட்டில் வேலை போயிற்று, எந்தப் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, எந்தப் பாட்டி இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிறார் என்பது தெரியவரும். மாற்கு நற்செய்தியில் நான்கு பேர் கூரையைப் பிரித்து ஒரு முடக்குவாதக்காரரை இறக்குகிறார்கள். குணமானவர் ஒருவர் என்றாலும் சுமந்து வந்தவர்கள் நான்கு பேர்.

1987: சோதனைக் காலம்

1987 அக்டோபரில் தொடங்கிய ‘ஓப்பராசி லாலாங்’ நடவடிக்கையில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிக் கைது செய்யப்பட்டனர். எதிர்க்கட்சியினரோடு திருச்சபையின் சமூகப் பணியாளர்களும் அதில் இருந்தனர். கத்தோலிக்க மனித மேம்பாட்டு அலுவலகத்தின் பொறுப்பாளராக இருந்த சகோதரர் அந்தோணி ரோஜர்ஸ் அவர்களில் ஒருவர். திருச்சபையின் சமூகப் பணிக்குள் மார்க்சியர்கள் ஊடுருவிவிட்டதாக 1988இல் வெளிவந்த அரசாங்க வெள்ளை அறிக்கை குற்றஞ்சாட்டியது.

அப்போது கோலாலம்பூர் பேராயர் சோத்தர் பெர்னாண்டஸ். ஏழைகளுக்காகப் பேசுவது விசுவாசமா, அரசியலா என்ற கேள்வி அன்று தலைநகரில் மட்டுமல்ல, பங்குகளிலும் எழுந்தது. கைதுகளுக்குப் பிறகும் அந்தப் பணி நின்றுவிடவில்லை. 1960ஆம் ஆண்டின் அச்சட்டம் 2012இல் நீக்கப்பட்டது.

குணமளித்தல்: எண்ணெயும் மருந்தும்

முன்பு ‘அவஸ்தைப் பூசுதல்’ என்று ஓர் அருட்சாதனம் இருந்தது. பாதிரியார் எண்ணெயோடு வீட்டுக்கு வந்தால் உயிர் போகப்போகிறது என்று வீட்டார் அழத் தொடங்குவார்கள். பொதுச்சங்கத்திற்குப் பின், 1972இல் போப் ஆறாம் பவுல் இந்தச் சடங்கைத் திருத்தியமைத்தார். இன்று அதன் பெயர் ‘நோயில் பூசுதல்’. சாகும் தறுவாயில் இருக்க வேண்டியதில்லை. கடும் நோய், பெரிய அறுவைச் சிகிச்சை, முதுமைத் தளர்ச்சி ஆகிய வேளைகளில் பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். யாக்கோபு திருமுகம் 5ஆம் அதிகாரமே இதற்கு அடிப்படை.

நம் வட்டாரத்தில் குணம் தேடிச் செல்லும் இடம் என்றால், சமய வேறுபாடின்றி எல்லாரும் சொல்வது புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் ஆலயம். 1888இல் கட்டப்பட்ட பழைய ஆலயமும் 2002இல் எழுந்த புதிய ஆலயமும் அங்கு உள்ளன. 2019இல் அதற்குப் பசிலிக்கா தகுதி கிடைத்தது. ஜூலை 26 திருவிழாவுக்குச் சுங்கைப் பட்டாணியிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள்.

செபம் மருத்துவத்துக்கு மாற்று என்று கத்தோலிக்கத் திருச்சபை போதிப்பதில்லை. நீரிழிவு மாத்திரையையும் டயாலிசிசையும் நிறுத்திவிட்டு வா என்று எந்தக் கூட்டத்தில் யார் சொன்னாலும் அதை ஏற்க வேண்டியதில்லை.

ஆலயத்துக்குள்ளும் நீதி

வெளியே நீதி கேட்கும் திருச்சபை, தன் வீட்டுக்குள் நடந்த அநீதியையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. பாலியல் கொடுமை குறித்த புகார்களைப் பெற ஒவ்வொரு மறைமாவட்டமும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2019இல் போப் பிரான்சிஸ் ஆணையிட்டார். 2023இல் அந்த விதிகள் நிரந்தரமாக்கப்பட்டன.

மலேசியச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. சிறாருக்கெதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017இன்படி, அத்தகைய குற்றம் நடந்ததை அறிந்தவர் போலீசில் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். இது எல்லா ஆலயங்களுக்கும், எல்லாச் சபைகளுக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கும் பொருந்தும்.

‘மன்னித்துவிடு, குடும்ப மானம் போகும், சபையின் பெயர் கெடும்’ என்று பாதிக்கப்பட்ட பிள்ளையிடமோ அடிவாங்கும் மனைவியிடமோ சொல்வது ஆறுதல் ஆகாது. காயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதே ஆறுவதற்கான முதல் படி. மன்னிப்பு பாதிக்கப்பட்டவர் தாமாகத் தரவேண்டியது. அதைக் கேட்டு வற்புறுத்த எந்தப் போதகருக்கும் உரிமையில்லை.

கடைசி நாள்கள்

ஓய்வுக்குப் பின் சோத்தர் பெர்னாண்டஸ் பினாங்குக் குருமடத்தில் ஆன்ம வழிகாட்டியாக இருந்தார். பின்னர் புற்றுநோய் கண்டது. செராசில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் 2020 அக்டோபர் 28 அன்று காலமானார். பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டால் இறுதி வழிபாட்டில் சிலரே கலந்துகொள்ள முடிந்தது. 2023இல் பினாங்கு ஆயர் செபாஸ்டியன் பிரான்சிஸ் நாட்டின் இரண்டாவது கர்தினால் ஆனார்.

தெரிந்து வைத்திருக்க வேண்டியவை

• குடும்ப வன்முறை, சிறார் கொடுமை ஆகியவற்றைத் தெரிவிக்க: தாலியான் காசே 15999, 24 மணி நேரமும்.
• குடும்ப வன்முறைச் சட்டம் 1994இன் கீழ் பாதுகாப்பு ஆணை பெறலாம். பெரும்பாலான ஆணைகளுக்கு முதலில் போலீஸ் புகார் தேவை.
• நோயில் பூசுதல் வேண்டுவோர் கடைசி நேரம் வரை காத்திராமல் பங்கு அலுவலகத்தில் தெரிவிக்கலாம்.
• உலக நோயாளர் நாள்: பிப்ரவரி 11. 1993 முதல் ஆண்டுதோறும் அனுசரிக்கப்படுகிறது.